சோடா கலந்தால் கௌரவம் குறையாது!

வியன்னாவில் ஜூலை மாதச் சாயங்காலம் நீளமானது. ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆபீஸ் முடிந்தவர்கள் 38-ஆம் எண் டிராமில் ஏறி க்ரின்சிங் போகிறார்கள். 'டி' டிராமில் ஏறினால் நுஸ்டார்ஃப். கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் மேடேறி நடந்தால், ஏதாவது ஒரு பழைய வீட்டு வாசலில் பைன் மரக்கிளை ஒரு கொத்தாகக் கட்டித் தொங்கும்.

'ஒயின் இருக்கிறது, உள்ளே வாருங்கள்' என்று அதற்கு அர்த்தம். கிளையை எடுத்துவிட்டால் கடை மூடியாயிற்று.

இந்த இடத்துக்குப் பெயர் 'ஹொய்ரிகர்'. இங்கே விற்கிற ஒயினுக்கும் அதே பெயர்தான். 'இந்த வருஷத்தது' என்பது அந்தச் சொல்லின் பொருள். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வந்தால் புது அறுவடையின் ஒயின் வந்துவிடும். அதுவரை புதுசாக இருந்தது அன்றிலிருந்து 'பழசு'.

உள்ளே போனால் ஆடம்பரம் எதுவும் இல்லை. முற்றத்தில் ஒரு பெரிய மரம். அதன் நிழலில் நீளமான மர மேசைகள், முதுகு சாய வசதியில்லாத பெஞ்சுகள். இடம் இருந்தால் முன்பின் தெரியாதவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம். ஒயின் மேசைக்கு வரும். சாப்பாடு வேண்டுமென்றால் எழுந்து போய், கவுன்டரில் பார்த்துக் கேட்டு, தட்டில் வாங்கி வரவேண்டும். கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளை. ஒயின் பட்டியலோ ஒரே ஒரு தாள், சில இடங்களில் ஒரு கரும்பலகை.

உலகின் பெரிய ஓட்டல்களில் ஒயின் என்றாலே ஒரு பயம் உண்டு. பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும், எந்த வருடம் என்று தெரிந்திருக்க வேண்டும், பில் வரும்போது முகம் மாறக்கூடாது. ஹொய்ரிகரில் இந்தப் பரீட்சை எதுவும் இல்லை. 'வெள்ளையா, சிவப்பா? சோடா கலக்கவா, வேண்டாமா?' கேள்வி அவ்வளவுதான்.

ஒரு மனுவும் ஓர் உத்தரவும்

இந்த எளிமைக்குப் பின்னால் 240 வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யத்தில் யார், எங்கே, எதை விற்கலாம் என்பது பண்ணையார்களின் கையில் இருந்தது. கோரிட்சியா பகுதியில் ஒரு பிரபு, தன் எல்லைக்குள் இருக்கும் சத்திரக்காரர்கள் எல்லாரும் தன்னுடைய ஒயினை மட்டும்தான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். மக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சக்கரவர்த்தியிடம் முறையிட்டார்கள்.

அப்போது அரியணையில் இருந்தவர் இரண்டாம் ஜோசப். 1784 ஆகஸ்ட் 17 அன்று அவர் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொருவரும் தான் விளைவித்த உணவுப் பொருளையும், ஒயினையும், பழச்சாற்றையும் வருடத்தில் எந்தக் காலத்திலும், தான் விரும்பும் விலைக்கு விற்கலாம் என்பது அதன் சாரம்.

இரண்டே வரியில் அடங்கும் விஷயம். ஆனால், திராட்சை பயிரிட்ட குடும்பத்துக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். இடைத்தரகருக்கும் பண்ணையாருக்கும் கொடுத்தது போக மிச்சம் எதுவும் நிற்காமல் இருந்தவர்கள், வீட்டு வாசலிலேயே கடை போட்டார்கள். மரக்கிளையைக் கட்டியது அதற்கான விளம்பரம்.

அந்த நிபந்தனை இன்றும் தொடர்கிறது. உண்மையான ஹொய்ரிகரில் சொந்தத் தோட்டத்து ஒயினைத்தான் ஊற்ற வேண்டும். பக்கத்து ஊர் ஒயினை வாங்கி விற்றால் அது வெறும் ஓட்டல். பலர் வருடம் முழுக்கத் திறப்பதும் இல்லை. சில வாரம் திறப்பார்கள், பிறகு மூடிவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் வாசலில் கிளை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு நுழைகிற பழக்கம்.

ஏன் மலிவு?

மலிவு என்றதும் தரம் குறைவு என்று நினைக்கத் தோன்றும். இங்கே மலிவுக்குக் காரணம் வேறு.

விலையுயர்ந்த ஒயின் பல வருடங்கள் ஓக் மரப் பீப்பாயில் தூங்கும். அந்தப் பீப்பாய்க்குக் காசு, அது இருக்கும் நிலவறைக்குக் காசு, பணம் முடங்கிக் கிடக்கும் காலத்துக்கும் காசு. பிறகு கனமான பாட்டில், அழகான லேபிள், லாரி, கப்பல், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று ஒவ்வொரு கையும் ஒரு பங்கு சேர்க்கும்.

கோடைக்கால ஒயினுக்கு இதெல்லாம் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சில மாதங்கள் தொட்டியில். அடுத்த வசந்தத்தில் குவளையில். பயணம் செய்கிற தூரம் நிலவறையிலிருந்து முற்றம் வரை.

அது நாக்குக்கும் பொருத்தம். ஆஸ்திரியாவில் அதிகம் பயிராவது க்ரூனர் வெல்ட்லீனர் என்கிற வெள்ளைத் திராட்சை. நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதிலிருந்து வரும் இளம் ஒயின் லேசானது. இனிப்பு கிடையாது. எலுமிச்சை போன்ற புளிப்பும், கடைசியில் ஒரு சிட்டிகை மிளகு காரமும் இருக்கும். நன்றாகக் குளிரவைத்து, வெயில் நாளில் குடிப்பதற்கென்றே ஆனது. பத்து வருடம் பூட்டி வைத்தால் இதில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

அதைவிடச் சுவாரசியமானது 'கெமிஷ்டர் சாட்ஸ்'. 'கலந்து நட்டது' என்று சொல்லலாம். ஒரே தோட்டத்தில் பல ரகத் திராட்சைகளைக் கலந்து நட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே பிழிந்து செய்கிற ஒயின். சில பழைய தோட்டங்களில் இருபது ரகம்கூட உண்டு.

இது ருசிக்காகத் தொடங்கியது அல்ல, பயத்தில் பிறந்த ஏற்பாடு. ஒரு ரகம் சீக்கிரம் பூக்கும், வசந்தகால உறைபனி வந்தால் அது போய்விடும். இன்னொன்று தாமதமாகப் பழுக்கும், இலையுதிர்கால மழையில் அழுகிவிடும். எல்லாவற்றையும் கலந்து நட்டால், எந்த வருடமும் ஏதாவது ஒன்று தப்பும். ஏழை விவசாயியின் காப்பீடு அது.

காலம் மாறி, ஒற்றை ரக ஒயின்தான் உயர்ந்தது என்ற மோகம் வந்தபோது, இந்தக் கலப்புத் தோட்டங்களைப் பலர் ஏளனமாகப் பார்த்தார்கள். வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு. சிலர் பிடிவாதமாக வைத்திருந்தார்கள். 2013-இல் 'வியன்னா கெமிஷ்டர் சாட்ஸ்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. குறைந்தது மூன்று வெள்ளை ரகங்கள் இருக்க வேண்டும், எந்த ரகமும் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

நண்பர் கூட்டமும் அப்படித்தானே? ஒருவர் கலகலப்பு, ஒருவர் மௌனம், ஒருவர் எதற்கும் முன்கோபம். எல்லாரும் ஒரே ரகமாக இருந்தால், ஒரு பனிக்கு மொத்தமும் கருகிவிடும்.

தட்டில் என்ன?

ஆரம்பகால ஹொய்ரிகர்களில் ஒயின் மட்டும்தான். சாப்பாட்டைக் கட்டி எடுத்து வருவார்கள். குடும்பத்தோடு நடந்து வந்து, கூடையைத் திறந்து, ரொட்டியையும் அவித்த முட்டையையும் மேசையில் பரப்பி, ஒயினுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். தொழிலாளிக் குடும்பத்துக்கும் ஒரு சாயங்காலத்தை வெளியில் கழிக்க முடிந்தது இப்படித்தான்.

இப்போது கவுன்டரில் நிறையவே இருக்கும். முதலில் தேட வேண்டியது 'லிப்டவர்'. மென்மையான பாலாடைக்கட்டியோடு வெங்காயம், மிளகாய்த்தூள் போன்ற பாப்ரிகா, ஒருவகைச் சீரகம் சேர்த்துக் குழைத்தது. இளஞ்சிவப்பு நிறம். கறுப்பு ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம். அடுத்த வாய் ஒயினின் புளிப்பு அதைக் கழுவிவிடும்.

பக்கத்தில் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு சாலட், வறுத்த கோழி, பன்றி வறுவல். சைவக்காரர்களுக்குப் பாலாடைக்கட்டியும் காய்கறியும் ரொட்டியும் தாராளம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கொழுப்பான, உப்பான, வறுத்த உணவுக்குப் புளிப்பான லேசான ஒயின் சரியான ஜோடி. கனமான, விலையுயர்ந்த சிவப்பு ஒயினை இதோடு வைத்தால் இரண்டுமே கெடும். சாதாரணச் சாப்பாட்டுக்குச் சாதாரண ஒயின்தான் தோழன்.

இனிப்பு வந்த வழி

மலிவான ஒயினுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அது மலிவாக இருந்ததால் வந்ததல்ல, தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொண்டதால் வந்தது.

நுஸ்டார்ஃபுக்குப் பக்கத்தில்தான் ஹைலிகன்ஷ்டாட். 1802-இல் அது வியன்னாவுக்கு வெளியே இருந்த திராட்சைக் கிராமம். காது கேட்கும் சக்தியை இழந்துகொண்டிருந்த பீத்தோவன், டாக்டரின் ஆலோசனைப்படி அங்கே தங்கினார். அப்போது அவருக்கு 31 வயது. அக்டோபரில் தன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்ததையும், இசைதான் தன்னைத் தடுத்து நிறுத்தியதையும் அதில் சொல்லியிருந்தார். கடிதத்தை அனுப்பவே இல்லை. 1827-இல் அவர் இறந்த பிறகு அது காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது.

பீத்தோவனுக்கு ஒயின் பிடிக்கும். அந்தக் காலத்தில் புளித்துப்போன மலிவு ஒயினை இனிப்பாக்கச் சில வியாபாரிகள் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலப்பது வழக்கம். அது இனிக்கும், ஆனால் விஷம். 2024-இல் ஆய்வாளர்கள் பீத்தோவனின் இரண்டு முடிக்கற்றைகளைச் சோதித்தார்கள். ஒன்றில் இயல்பைவிட 64 மடங்கு, இன்னொன்றில் 95 மடங்கு ஈயம் இருந்தது. அதுவே அவரைக் கொன்றது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அவருடைய வயிற்றுக் கோளாறுக்கும் காது கேளாமைக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஈயம் வரக்கூடிய வழிகளில் ஒயினும் ஒன்று.

அடுத்த கதை 1985. ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டுகளில் இனிப்பான ஆஸ்திரிய ஒயினுக்கு நல்ல கிராக்கி. இயற்கையாக அந்த இனிப்பும் கனமும் வர, திராட்சை கொடியிலேயே முற்றிச் சுருங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், செலவாகும். சில வியாபாரிகள் குறுக்கு வழி பிடித்தார்கள். டைஎத்திலீன் கிளைகால் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். வண்டி என்ஜின் உறையாமல் இருக்கப் போடும் திரவத்தில் பயன்படுகிற பொருள் அது. தண்ணீர் போன்ற ஒயினையும் தேன் மாதிரி காட்டும்.

குட்டு வெளிப்பட்டதும் ஆஸ்திரிய ஒயின் என்றாலே உலகம் முகத்தைத் திருப்பியது. ஏற்றுமதி சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பல லட்சம் லிட்டர் ஒயினை அழித்தார்கள். தப்பு செய்தவர்கள் சிலர், தண்டனை அனுபவித்தது எல்லா விவசாயக் குடும்பங்களும்.

அதே வருடம் கடுமையான புதுச் சட்டம் வந்தது. அதன் பிறகு வளர்ந்த தலைமுறை முடிவெடுத்தது: இனிப்பு வேஷம் வேண்டாம். புளிப்பாக இருந்தால் புளிப்பாகவே விற்போம். லேசாக இருந்தால் லேசானது என்றே சொல்வோம். இன்று ஆஸ்திரிய வெள்ளை ஒயினுக்கு உலகில் இருக்கும் மரியாதை, அந்த நேர்மையின் மேல் கட்டியது.

ஒரு பாதிரியாரின் குமிழி

லேசான, புளிப்பான ஒயினுக்கு ஏற்ற கூட்டாளி சோடா. வியன்னாவில் பாதி ஒயின், பாதி சோடா கலந்ததை 'ஷ்பிரிட்ஸர்' என்பார்கள். கோடையில் எந்த மேசையைப் பார்த்தாலும் அதுதான். ஒயினில் சோடா ஊற்றுவதைக் கேவலமாகப் பார்க்கிற ஊர்கள் உண்டு. இங்கே ஒயின் தயாரித்தவரே கலந்து கொடுப்பார்.

எல்லை தாண்டி ஹங்கேரிக்குப் போனால் அதன் பெயர் 'ஃப்ரோச்'. அங்கே இது ஒரு சாஸ்திரம்.

ஹங்கேரியின் சோடாவுக்குத் தந்தை ஆன்யோஷ் யெட்லிக். கிறிஸ்தவத் துறவி, இயற்பியல் ஆசிரியர். மின்மோட்டார் ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர். 1826-இல் சோடா தயாரிக்கும் முறையை உருவாக்கினார். 1842-இல் புதாபெஸ்ட்டுக்கு அருகே ஃபோட் என்ற ஊரில், எழுத்தாளர் ஆண்ட்ராஷ் ஃபாயின் திராட்சைத் தோட்டத்தில் நண்பர்கள் கூடினார்கள். யெட்லிக் தன் சோடாவை ஒயினில் பீய்ச்சிக் காட்டினார். கூட்டத்தில் இருந்த கவிஞர் மிஹாய் வொரொஷ்மார்டி, ஜெர்மன் சொல் எதற்கு என்று 'ஃப்ரோச்' என்ற ஹங்கேரியச் சொல்லைச் சூட்டினார் என்று சொல்வார்கள். அந்தக் கவிஞரின் புகழ்பெற்ற 'ஃபோட் பாடல்', குவளைக்குள் குமிழி மேலேறுவதில்தான் தொடங்குகிறது.

ஹங்கேரியர்கள் ஒவ்வொரு கலவை அளவுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லியில்:

சின்ன ஃப்ரோச்: ஒயின் 1, சோடா 1.

பெரிய ஃப்ரோச்: ஒயின் 2, சோடா 1.

நீண்ட எட்டு: ஒயின் 1, சோடா 2.

வீட்டுக் காவலர்: ஒயின் 3, சோடா 2.

உதவிக் காவலர்: ஒயின் 2, சோடா 3.

கடைசி இரண்டில் ஒரு குறும்பு இருக்கிறது. பழைய அடுக்குமாடி வீடுகளில் வாசல் சாவி வைத்திருக்கும் காவலருக்கு அதிகாரம் அதிகம், அதனால் அவர் பெயரில் ஒயின் அதிகம். உதவியாளருக்குச் சோடா அதிகம். உதவியாளர் என்றால் எந்த நாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது!

பாலட்டன் ஏரிக்கரையில் கோடை விடுமுறைக்கு வரும் குடும்பங்கள், பூண்டும் புளித்த க்ரீமும் தடவிய 'லாங்கோஷ்' என்ற பொரித்த ரொட்டியோடு 'நீண்ட எட்டு' வாங்குவார்கள். பெயருக்கு ஏற்றபடி அது நீண்ட நேரம் வரும். வெயிலுக்கு அதுதான் தோது.

ஒயினில் தண்ணீர் கலப்பது புதுப் பழக்கமும் இல்லை. பழைய கிரேக்கர்கள் விருந்துகளில் பெரிய பாத்திரத்தில் ஒயினையும் தண்ணீரையும் கலந்துதான் பரிமாறினார்கள். கலக்காமல் குடிப்பது நாகரிகம் இல்லாதவர் பழக்கம் என்பது அவர்கள் எண்ணம். அந்த மத்தியதரைக்கடல் ஒயின் தமிழகக் கரைக்கும் வந்திருக்கிறது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்கு வார்ப்பதை நக்கீரர் புறநானூறு 56-ஆம் பாடலில் சொல்கிறார். அரிக்கமேட்டில் அந்த மது வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

குவளைக்குள் ஒரு கணக்கு

இத்தனை ருசியாகப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடமுடியாது. ஒயினும் மதுதான்.

வியன்னாவில் வழக்கமான அளவு எட்டில் ஒரு லிட்டர், அதாவது 125 மில்லி. 12 சதவீத ஒயின் என்றால் அதில் ஏறக்குறைய 12 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கும். அதே அளவு சோடா சேர்த்தால் குவளை 250 மில்லியாகும், வீரியம் 6 சதவீதமாகக் குறையும். ஆனால், உள்ளே இருக்கும் ஆல்கஹால் அதே 12 கிராம்தான். சோடா அதை அழிப்பதில்லை, குடிக்கும் வேகத்தைத்தான் குறைக்கிறது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது, மூன்றாவது என்று போனால் சோடாவால் பிரயோஜனம் இல்லை.

உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தினமும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் தொடங்க வேண்டியதில்லை. குடிக்காதவர் குடிக்காமலே இருப்பதுதான் நல்லது. கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுபவர்கள், ஒருமுறை இதன் பிடியிலிருந்து மீண்டவர்கள், இவர்களுக்கு ஒரு வாய்கூட வேண்டாம்.

ஹங்கேரியில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக்கூடாது என்பது சட்டம். வியன்னாக்காரர்கள் பலர் ஹொய்ரிகருக்கு டிராமில் போகிறார்கள்.

ஹொய்ரிகரின் நல்ல குணம் ஒன்று: குடிக்காதவர் அங்கே அந்நியர் இல்லை. அதே தோட்டத்துத் திராட்சைச் சாற்றில் சோடா கலந்து, அதே மாதிரிக் குவளையில் தருவார்கள். குழந்தைகள் 1957 முதல் விற்பனையில் இருக்கும் 'அல்ம்டூட்லர்' என்ற மூலிகை பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் ஓடுவார்கள். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லாரும் ஒரே பெஞ்சில். ஒளிந்து குடிக்கிற இடம் இல்லை என்பதால் அளவு மீறினால் ஊரே பார்க்கும். அந்தக் கூச்சமே ஒரு வேலி.

பாட்டில் வரும் மரணம்

இருட்டத் தொடங்கும்போது சில இடங்களில் வயலினும் அக்கார்டியனும் கேட்கும். யோஹன் ஷ்ரம்மல், யோசஃப் ஷ்ரம்மல் என்ற சகோதரர்கள் 1878-இல் தொடங்கிய குழு இந்த இசைக்கு ஓர் அடையாளம் கொடுத்தது. இன்றும் இதை 'ஷ்ரம்மல் இசை' என்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள், ஒயின் கடையில் குதூகலமான பாட்டு இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். வார்த்தைகளைக் கேட்டால் திடுக்கிடும். ஒயின் இருக்கும், திராட்சை காய்க்கும், நாம்தான் இருக்கமாட்டோம் என்கிற ரீதியில் போகும். அதைக் கேட்டபடி பக்கத்து மேசைக்காரர் லிப்டவரை ரொட்டியில் தடவிக்கொண்டிருப்பார். அழுகையும் இல்லை, பயமும் இல்லை. வியன்னாக்காரர்களுக்கு மரணம் என்பது மேசைக்கு வந்து உட்காரும் இன்னொரு பழைய நண்பர்.

வாராவாரம் ஒரே நாளில் ஒரே மேசையில் கூடும் நண்பர் குழுக்கள் அங்கே உண்டு. முப்பது வயதில் தொடங்கியவர்கள் எழுபதிலும் வருவார்கள். வேலை, கல்யாணம், விவாகரத்து, பிள்ளைகளின் கவலை, முழங்கால் வலி என்று பேச்சு மாறிக்கொண்டே வந்திருக்கும். ஒரு கட்டத்தில் ஆறு பேர் ஐந்து பேராவார்கள். பிறகு நான்கு. பெஞ்சில் இடம் கூடும். மீதி இருப்பவர்கள் வருவதை நிறுத்துவதில்லை.

அப்படி வருகிறவர்களுக்கு எல்லா வாரமும் கட்டுப்படியாகும் விலை வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஓட்டலில் கொண்டாட்டம் வைக்கலாம். நட்பு அதில் வளராது. ஒன்றுமே விசேஷம் இல்லாத ஐம்பது செவ்வாய்க்கிழமைகளில்தான் வளரும். ஓய்வூதியக்காரர் யோசிக்காமல் 'இன்று நான் கொடுக்கிறேன்' என்று சொல்ல முடிகிற விலை அதற்கு அவசியம்.

மலையை யார் காப்பாற்றுவது?

வியன்னா நகர எல்லைக்குள் மட்டும் சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஒரு நாட்டின் தலைநகருக்குள் இவ்வளவு என்பது அபூர்வம். அந்தச் சரிவுகளில் நின்றால் மொத்த நகரமும் டான்யூப் நதியும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீடு கட்டினால் என்ன விலை போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

1905-லேயே நகரசபை, வியன்னாவைச் சுற்றிக் காடும் புல்வெளியும் கொண்ட ஒரு பசுமை வளையத்தைக் காப்பது என்று தீர்மானித்தது. அந்த முன்யோசனையால்தான் மலைகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன. 2019-இல் வியன்னாவின் ஹொய்ரிகர் கலாசாரத்தை ஆஸ்திரிய யுனெஸ்கோ ஆணையம் நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால், பட்டியல் திராட்சை பறிக்காது. குளிரில் கொடி கவாத்து செய்து, வெயிலில் இலை கிள்ளி, இரவில் மேசை துடைப்பதற்கு ஒரு குடும்பம் வேண்டும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பெற்றோர் வயதாகிறார்கள். ஒரு கோடையில் வாசலில் கிளை தொங்குவது நின்றுவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த ஹொய்ரிகர்கள் பல இப்படி மூடிவிட்டன.

மூடும்போது போவது ஒரு கடை மட்டும் இல்லை. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் சங்கடமில்லாமல் உட்கார முடிந்த ஒரு பெஞ்சும் போகிறது. அத்தகைய பெஞ்சுக்கு ஒயின்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காபியோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ போதும். விலை குறைவாக இருக்க வேண்டும், நிழல் இருக்க வேண்டும், எழுந்து போகச் சொல்லி யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

கூப்பிட்டு ரொம்ப நாளான நண்பர் யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு போன் போடலாம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை போதும்.